கருவிழியைக் காணும் கருவிகள்

கண் பிற பொருள்களையெல்லாம் காண்கிறது. தன்னைத் தான் காண்பதில்லை. மருத்துவர் ஒருவர் நம் கண்ணை உற்றுப் பார்க்கும்பொழுதுகூட, அவருடைய வெறுங்கண்ணுக்குப் புலப்படுவது மிகச் சிறிதே. உயிரோடிருக்கும் ஒருவருடைய கண்ணில், கத்தி வையாமல், துண்டு எடுக்காமல், அதன் உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்க இயலுமா? இயலும். அவ்வாறு பார்ப்பதற்கென்று அமைந்த கருவிகளைப் பற்றியும், அவற்றுள் எது எதற்குத் தகுதியுடையது என்பது பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இது மருத்துவக் கல்லூரிக்கு மட்டும் உரிய பொருள் என்று மாணவ நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். தென்காசி வட்டாரத்திலே பல்லாண்டுகள் பள்ளி ஆசிரியனாகப் பணி செய்தவன் நான். சிற்றாற்றுப் பாசனத்தில் காரும் பிசானமும் விளையும் ஊர்கள் எங்கள் ஊர்கள். அறுவடைக் காலத்தில் நெற்கதிர் கண்ணில் குத்துவதும், களத்திலே தூற்றும்பொழுது உமி விழுவதும், தென்னந்தோப்பில் ஓலைக்கீற்று உராய்வதும் இங்கே புதுமையல்ல. கண்ணிலே வெண்ணிறத் தழும்பு ஏற்பட்டுப் பார்வை போனவரை, 'கண்ணில் பூ விழுந்தது' என்று நம் மக்கள் சொல்வர். பூ என்ற அழகிய சொல்லுக்கு இவ்வளவு துயரமான பொருள் வேறெங்கும் இல்லை. அந்தப் பூ விழாமல் காக்க வேண்டுமானால், அது விழும் இடத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

கண்ணின் முன்புறத்தில், கடிகாரத்தின் மேல் பதித்த கண்ணாடி போல, ஒளி ஊடுருவும் படலம் ஒன்று இருக்கிறது. இதனைக் கார்னியா என்று மருத்துவர் வழங்குவர். நாம் கருவிழிப் படலம் என்போம். உண்மையில் அதற்குக் கருமை இல்லை. அதன் பின்னாலுள்ள ஐரிஸ் என்னும் திரையின் நிறமே அதனூடே நமக்குத் தெரிகிறது. இப்படலத்தின் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டருக்குள் ஐந்து அடுக்குகள் அமைந்திருக்கின்றன. வெளிப்புறத்தில் தோல் போன்ற மேலணு அடுக்கு. அதன்கீழ் போமன் என்பாரின் பெயர் பெற்ற மெல்லிய ஏடு. நடுவில் மொத்தக் கனத்தில் பத்தில் ஒன்பது பங்கு கொண்ட நாரடுக்கு. பின்னர் டெஸ்மே என்பாரின் பெயரால் வழங்கும் ஏடு. எல்லாவற்றிற்கும் உள்ளே, கண்நீர்மத்தைத் தொட்டுக்கொண்டு, ஒரே வரிசையாகப் பரவிய உள்ளணு அடுக்கு. மேலணு அடுக்கு சிராய்த்தால் சில நாட்களில் வளர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளணு அடுக்கின் கதை வேறு.

குற்றாலத்துத் தேனருவியைக் கேள்விப்படாதவர் இரார். தேனடையை உற்று நோக்கினால், ஒவ்வோர் அறையும் ஆறு பக்கம் உடையதாய், இடைவெளி சிறிதும் இன்றி மற்றோர் அறையோடு பொருந்தி நிற்பதைக் காணலாம். உள்ளணு அடுக்கும் அவ்வாறே அறுகோண உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 20 மைக்ரான். அஃதாவது ஐம்பதை வரிசையாக வைத்தால் ஒரு மில்லிமீட்டர் ஆகும்.

இவ்வணுக்களின் தொழில் யாது? நடு அடுக்கிலுள்ள நார்கள் நீரை உறிஞ்சிப் பெருகும் இயல்புடையவை. கண்ணுக்குள் இருக்கும் நீர்மமோ ஓயாமல் உள்ளே கசிந்துகொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் வயலில் தேங்கும் நீரை வடித்துக்கொண்டே இருக்கும் உழவரைப் போல, உள்ளணுக்கள் உப்பின் அயனிகளைக் கண்நீர்மத்திற்குள் தள்ளுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. இந்த வேலை நிற்குமானால் நாரடுக்கு ஊறிப் பருக்கும். நார்கள் ஒழுங்கான இடைவெளியில் அமைந்திருப்பதனாலேயே படலம் ஒளியைத் தடையின்றி விடுகிறது என்பதை டேவிட் மாரிஸ் என்ற அறிஞர் 1957-இல் விளக்கினார். ஊறிப் பருத்தால் அந்த ஒழுங்கு குலையும், ஒளி சிதறும், கண்ணாடி பனி படர்ந்தது போல் மங்கும்.

இனி வருந்தத்தக்க செய்தி ஒன்று. மனிதனுடைய உள்ளணுக்கள் இறந்தால் அவற்றின் இடத்தில் புதியன பிறந்து நிரப்புவதில்லை. அண்டையிலுள்ள அணுக்கள் அகன்று விரிந்து அந்த இடத்தை மூடிக்கொள்கின்றன. பிறக்கும்போது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஐயாயிரம் அளவில் இருப்பவை, இளமையில் மூவாயிரம் அளவாகக் குறைகின்றன. அதன்பின் ஆண்டுக்குச் சராசரி 0.6 விழுக்காடு வீதம் குறைந்துகொண்டே போகின்றன. இருபது வயதில் 3,000 என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், அறுபது வயதில் ஏறத்தாழ 2,360 எஞ்சும். நூறாண்டு வாழ்ந்தாலும் போதுமான செல்வம்தான் இது. ஆயினும் காயத்தாலோ, நோயாலோ, அறுவையாலோ அது 500 அளவுக்குக் கீழே இறங்குமானால், எஞ்சிய அணுக்களால் நீரை வடிக்க இயலாமல் போகக்கூடும். ஆகவே கண்புரை அறுவை செய்வதற்கு முன், ஐயத்திற்கு இடமான கண்களில், கையிருப்பு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்துக்கொள்வது அறிவுடைமை. எண்ணுவதற்குக் கருவி வேண்டும்.

முதற்கருவி, கண் மருத்துவர் எவருடைய அறையிலும் இருப்பது. ஸ்லிட் லாம்ப் என்று சொல்லப்படும் பிளவு விளக்கு. சுவீடன் நாட்டு ஆல்வர் குல்ஸ்ட்ராண்டு என்பவர் 1911-இல் இதனை அறிமுகம் செய்தார். கண்ணின் ஒளியியலை ஆராய்ந்ததற்காக அதே ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். ஓட்டு வீட்டின் கூரைத் துளை வழியே வெயில் ஒரு கீற்றாக உள்ளே பாயும்பொழுது, அதுவரை தெரியாத தூசுகள் அக்கீற்றிலே மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான் இதிலும். மெல்லிய ஒளிக்கீற்றைக் கருவிழியின்மேல் சாய்வாக வீழ்த்தி, பத்து முதல் நாற்பது மடங்கு பெருக்கிக் காட்டும் நுண்ணோக்கியால் பார்த்தால், படலத்தைக் குறுக்கே அறுத்து வைத்தாற்போல் அதன் கனமும், கீறலும், புண்ணும், வீக்கமும் தெரியும். சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்பிரட் வோக்ட் என்பார், 1920-ஆம் ஆண்டு வாக்கில், விளக்கையும் கண்ணையும் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அமைத்து, உள்ளணுக்களின் தேனடை வடிவத்தையே இதன் வாயிலாகக் கண்டார். ஆனால் அவ்வாறு காண்பது கைதேர்ந்தவர்க்கே எளிது. அணுக்கள் உண்டென்று காணலாமேயொழிய, நம்பத்தக்கபடி எண்ணுவது அரிது.

வோக்ட் கண்ட அந்தக் கோணத்தின் மேலேயே இரண்டாம் கருவி எழுந்தது. மாலை வேளையில் சிற்றாற்றுப் பாலத்தின்மேல் நின்று பாருங்கள். எல்லா இடத்திலிருந்தும் தண்ணீர் ஒன்றுபோல் ஒளிர்வதில்லை. ஓரிடத்தில் நிற்கும்பொழுது மட்டும் கதிரவனின் ஒளி நீர்ப்பரப்பில் பட்டு நேரே நம் கண்ணுக்கு வருகிறது. அப்பொழுது பரப்பிலுள்ள ஒவ்வொரு சிற்றலையும் துலக்கமாய்த் தெரிகிறது. விழும் கோணமும் மீளும் கோணமும் ஒன்று என்று எட்டாம் வகுப்பில் படிக்கிறீர்களே, அந்த விதியே இதற்குக் காரணம். உள்ளணு அடுக்கும் கண்நீர்மமும் சந்திக்கும் பரப்பில் இவ்வாறு மீளும் ஒளியைப் பிடித்துப் படமாக்குவது ஸ்பெக்குலர் நுண்ணோக்கி. டேவிட் மாரிஸ் 1968-இல் முயலின் கண்ணில் இதைச் செய்து காட்டினார். அமெரிக்காவில் லேயிங் என்பவரும் அவருடைய துணைவரும் 1975-இல் உயிருள்ள மனிதக் கண்ணுக்கு ஏற்றவாறு அமைத்து, உள்ளணுக்களைப் படம் பிடித்து வெளியிட்டனர்.

இதில் ஓர் இடையூறு உண்டு. கருவிழியின் முன்பரப்பு காற்றைத் தொடுவதனால் அங்கே மீளும் ஒளி மிகுதி. உட்பரப்பில் மீளும் ஒளியைப் போல் ஏறத்தாழ நூறு மடங்கு. நாதசுரம் முழங்கும் இடத்தில் ஒருவர் காதோடு சொல்லும் சொல்லைக் கேட்பது போன்றது இது. ஆகவே ஒளிக்கீற்றை மிகவும் குறுக்கி, முன்பரப்பின் ஒளியை ஒருபுறம் ஒதுக்கி, உட்பரப்பின் ஒளியை மட்டும் படக்கருவிக்குள் விடுகிறார்கள். இக்காலத்துக் கருவிகளுள் பெரும்பாலானவை கண்ணைத் தொடுவதில்லை. நாடியை ஒரு தாங்கியில் வைத்து, உள்ளே தெரியும் சிறு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால், கருவி தானே குவியத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு நொடியில் படம் எடுத்துவிடும். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, கூம்பு முனை ஒன்றைக் கண்ணில் தொடுவித்துப் பார்க்கும் வகையும் உண்டு. அது பெருக்கத்தையும் பரப்பையும் கூட்டித் தரும்.

சென்ற ஆண்டு என் கண்புரை அறுவைக்கு முன்னர் என்னையும் இக்கருவியின் முன் உட்கார வைத்தார்கள். வலியில்லை, காற்றுகூடப் படவில்லை. அச்சிட்டுத் தந்த தாளில் என் கண்ணின் அறுகோணங்கள் கரிய கோடுகளால் பிரிக்கப்பட்டு வரிசையாய் நின்றன. நாற்பதாண்டுகளாகக் கரும்பலகையில் வெங்காயத் தோலின் உயிரணுவை வரைந்தவனுக்கு, தன் உயிரணுக்களையே காணும் பேறு வாய்த்தது. அவற்றின் கீழே 2,340 என்று ஓர் எண் இருந்தது. அந்த எண் எப்படி வந்தது என்று ஆராய்வதே ஆசிரியனுக்கு இயல்பு.

நீங்களும் கணக்கிட்டுப் பாருங்கள். பக்கம் 0.1 மில்லிமீட்டர் கொண்ட சதுரம் ஒன்றைப் படத்தின்மேல் வரைகிறோம். அதன் பரப்பு 0.01 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 25 அணுக்கள் இருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 2,500. எல்லைக்கோட்டில் பாதி உள்ளும் பாதி வெளியுமாக நிற்கும் அணுக்களை என்ன செய்வது? இரண்டு பக்கங்களில் நிற்பவற்றைச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கங்களில் நிற்பவற்றை விட்டுவிடுவது ஒரு முறை. அணுக்களின் நடுப்புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் அண்டை அணுக்கள் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதைக் கொண்டு அடர்த்தியைக் கணிப்பது மற்றொரு முறை. எல்லைக்கோடுகளைக் கணிப்பொறியே தேடிக்கொள்வது பிறிதொரு முறை. முறை மாறினால் விடையும் சற்று மாறும். ஒளி மங்கிய படத்தில் கணிப்பொறி இரண்டு அணுக்களை ஒன்றாகவும், ஒன்றை இரண்டாகவும் கருதிவிடுவது உண்டு.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கருவியின் அளவுகோல் நீளத்தில் நூற்றுக்கு ஐந்து பிசகினால், பரப்பிலே நூற்றுக்குப் பத்துக்குச் சற்று மேல் பிசகும், ஏனெனில் 1.05-ஐ 1.05-ஆல் பெருக்கினால் 1.1025. ஆகையால் ஒரு கருவியில் 2,500 என்று வந்த கண், மற்றொரு கருவியில் 2,250 என்று வருமானால், இடையில் 250 அணுக்கள் மாண்டன என்று முடிவு கட்டுவதற்கில்லை. வெவ்வேறு கருவிகளின் எண்களை ஒன்றுக்குப் பதில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாகாது என்பது, இவற்றை ஒப்பிட்டு ஆராய்ந்த மருத்துவர் பலர் கூறும் முடிவு. ஒருவருடைய கண்ணை ஆண்டுதோறும் கண்காணிக்க வேண்டுமானால், அதே கருவியால், அதே முறையால், அதே இடத்தில் எண்ண வேண்டும். கடைக்குக் கடை தராசு மாறினால் எடையை ஒப்பிட முடியாது அன்றோ?

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. ஸ்பெக்குலர் படம் ஒன்று காட்டும் பரப்பு ஏறத்தாழ 0.1 சதுர மில்லிமீட்டர்; கருவிழியின் உட்பரப்போ நூறு சதுர மில்லிமீட்டருக்கும் மேல். ஆயிரத்தில் ஒரு பங்கையே நாம் பார்க்கிறோம். பானைச் சோறு முழுதும் ஒரே சீராக வெந்திருந்தால் பழமொழி பொருந்தும்; அடி பிடித்த பானைக்குப் பொருந்தாது. வியன்னா நகரத்து எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1910-இல் விவரித்த நோய் ஒன்றில், கருவிழியின் நடுப்பகுதி முதலில் கெடுகிறது, ஓரப்பகுதி பிழைத்திருக்கும். அங்கே ஒரு சோற்றைப் பார்த்துப் பதம் சொல்லலாகாது. பல இடங்களில் படம் எடுத்தல் வேண்டும். அந்நோயில் படலத்தின் உட்புறம் சிறு மேடுகள் எழும். அம்மேடுகளின் மேல் பட்ட ஒளி வேறு திசையில் திரும்பிவிடுவதனால் படத்தில் அவை கரும்புள்ளிகளாகத் தோன்றும். எண்ணிக்கை மட்டுமன்றி, அணுக்கள் ஒத்த அளவினவா, அறுகோணமாய் நிற்பவை நூற்றுக்கு எத்தனை என்பதையும் மருத்துவர் பார்ப்பர். எண்ணிக்கை குறையுமுன்பே, சில பருத்தும் சில சிறுத்தும் இருப்பது அணுக்கள் படும் இன்னலைக் காட்டும்.

இவ்வளவு பயனுள்ள ஸ்பெக்குலர் நுண்ணோக்கி ஓரிடத்தில் கையை விரித்துவிடுகிறது. கருவிழி வீங்கி மங்கிவிட்டால், உட்பரப்பின் மெல்லிய ஒளி வெளியே வருவதற்குள் சிதறிப்போகிறது. மேலும் அது காட்டுவது உள்ளணு அடுக்கை மட்டுமே. நாரடுக்கில் ஒரு கிருமி புகுந்திருந்தால் அதற்குத் தெரியாது. இந்தக் குறையை நிரப்ப வந்தது மூன்றாம் கருவியாகிய கன்போகல் நுண்ணோக்கி.

இதன் தத்துவத்தைக் கண்டவர் மார்வின் மின்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடப்பதால் நுண்ணோக்கியில் குழம்பித் தெரிந்தன. அக்குழப்பத்தை நீக்குவதற்காக 1955-இல் அவர் ஒரு கருவியை அமைத்து, 1957-இல் அதற்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். குற்றாலத்தில் மேகம் கீழே இறங்கியிருக்கும் சாரல் நாளில் இரவு வேளை காரில் சென்றவர்கள் அறிவார்கள்: முன்விளக்கை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் எதிரே வெண்மைதான் மிகும், பாதை தெரியாது. பாதையிலிருந்து வரும் ஒளியோடு, இடையிலுள்ள பனித்துளிகள் யாவும் திருப்பி அனுப்பும் ஒளியும் கலந்துவிடுவதே அதற்குக் காரணம். மின்ஸ்கி என்ன செய்தார்? ஒரு நேரத்தில் ஒரே ஒரு புள்ளியின்மேல் மட்டும் ஒளியைக் குவித்தார். திரும்பி வரும் ஒளியின் வழியில் ஊசித்துளை ஒன்றை வைத்தார். குவிந்த புள்ளியிலிருந்து வரும் ஒளி அத்துளையில் சரியாகப் புகுந்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அடுக்குகளிலிருந்து வரும் ஒளி பரந்து விழுவதனால் துளையில் புக முடியாமல் தடைப்படும். புள்ளி புள்ளியாக ஒரு தளம் முழுவதையும் வருடிச் சென்றால், அத்தளம் மட்டும் தெளிவான படமாகிறது.

உயிருள்ள மனிதரின் கருவிழியைக் காண இம்முறை 1990-ஆம் ஆண்டையொட்டிக் கையாளப்படலாயிற்று. இப்போது லேசர் ஒளியால் வருடும் கருவிகள் உள்ளன. அவற்றில் ஒரு படம், பக்கத்திற்கு 0.4 மில்லிமீட்டர் கொண்ட சதுரம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள கருவிழியை, வாழைத்தண்டை ஏடு ஏடாய் நறுக்குவது போல, சில மைக்ரான் கனமுள்ள ஏடுகளாகக் கத்தியின்றியே பிரித்துப் பார்க்கலாம். மேலணுக்களும், அவற்றினிடையே ஓடும் மெல்லிய நரம்பு இழைகளும், நாரடுக்கின் அணுக்களும், உள்ளணுக்களும் முறையே தோன்றும். ஆனால் இதற்குக் கண்ணை மரக்கச் செய்து, களிம்பு இட்டு, கருவியின் முனையைக் கண்ணோடு பொருத்த வேண்டும். நோயாளி அசையாமல் சில நிமிடங்கள் இருக்க வேண்டும். படத்தைப் படித்துப் பொருள் சொல்ல நீண்ட பயிற்சியும் வேண்டும். உள்ளணுக்களை எண்ணுவது மட்டுமே நோக்கமானால், தெளிந்த கண்ணுக்கு இத்தனை முயற்சி தேவையில்லை. ஸ்பெக்குலர் கருவியே போதும்.

அப்படியானால் கன்போகல் கருவி எங்கே தன் திறத்தைக் காட்டுகிறது? நம் வயல்காட்டுப் புண்களில்தான்.

திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1988-இல் தொடங்கப்பட்டது. தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. அங்கே 1999 முதல் 2002 வரை மூன்றாண்டுகளில் வந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட கருவிழிப் புண்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூஞ்சையினால் வந்தவை என்று தெரிந்தது. பூஞ்சை தாக்கிய கண்களுள் மிகப்பெரும்பாலானவை மண்ணாலோ, பயிர்ப்பொருளாலோ காயம்பட்டவை. அவற்றில் பியூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் இரு வகைகள் முன்னின்றன. குளிர்நாட்டு நூல்களைப் படித்தால், கருவிழிப் புண்ணுக்குப் பாக்டீரியாவே முதற்காரணம் என்று தோன்றும். நம் நாட்டு வயலுக்கு வேறு கணக்கு.

இந்த வேறுபாடு உயிர்நிலையானது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து பூஞ்சையைத் தொடாது. வீக்கத்தைத் தணிக்க என்று கடையில் வாங்கி விடும் ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தோ, பூஞ்சைக்கு உரம் இட்டது போலாகும். என்னிடம் படித்த ஒருவர், பிற்காலத்தில் நல்ல உழவராய் விளங்கியவர், பிசான அறுவடையில் கதிர் குத்திய கண்ணோடு பத்து நாட்கள் வேலை செய்தார். முதலில் தாய்ப்பால் விட்டார்கள். பின்பு பக்கத்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து விட்டார்கள். சிவப்பு சற்றுத் தணிந்தது. புண் உள்ளே ஆழ்ந்தது. திருநெல்வேலிக்குப் போய்ச் சேர்ந்தபொழுது பூஞ்சை நாரடுக்கின் ஆழத்தை எட்டிவிட்டது. கண் நிலைத்தது; பார்வை நிலைக்கவில்லை. அவர் என்னைக் கண்டு, "சார், கதிர் குத்துனதுக்கா ஒரு கண்ணு போகும்?" என்று கேட்டார். கதிரால் போகவில்லை, கடந்துபோன பத்து நாட்களால் போயிற்று என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

புண்ணுக்குக் காரணம் பூஞ்சைதானா என்று அறிய எளிய வழி ஒன்று நெடுங்காலமாக உண்டு. புண்ணின் விளிம்பைச் சிறிது சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, 10 விழுக்காட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு கரைசலில் ஒரு துளி விட்டு, பள்ளிக்கூடத்திலுள்ளது போன்ற சாதாரண நுண்ணோக்கியால் பார்ப்பது. கரைசல் திசுவைக் கரைத்துத் தெளிவாக்கும். பூஞ்சையின் இழைகள் கரையாமல் நிற்கும். முன்சொன்ன திருநெல்வேலி ஆராய்ச்சியில் இந்த எளிய சோதனை, பூஞ்சைப் புண்களை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் காட்டிக்கொடுத்தது. அதே நேரத்தில் ஒரு பகுதியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டால் சில நாட்களில் பூஞ்சை வளர்ந்து தன் இனத்தைச் சொல்லும். ஆயினும் கிருமி ஆழத்தில் இருந்து, மேலே சுரண்டினால் கிட்டாதபோது இவ்வழிகள் தவறக்கூடும். அங்கேதான் கன்போகல் துணை வருகிறது. சுரண்டாமலே, உள்ளடுக்கில் கிடக்கும் பூஞ்சை இழைகளை வெண்கோடுகளாகவும், அகந்தமீபா என்னும் ஓரணு உயிரியின் கூடுகளை ஒளிரும் வட்டங்களாகவும் அப்பொழுதே காட்டுகிறது.

எவ்வளவு நம்பலாம்? மதுரை அரவிந்த் மருத்துவமனையில் 2012, 2013-ஆம் ஆண்டுகளில், கடுமையான புண்ணுடைய 239 பேரிடம் இதனைச் சோதித்து, முடிவை 2016-இல் வெளியிட்டார்கள். பூஞ்சை உள்ள கண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 86-ஐக் கருவி சரியாகக் கண்டது. பூஞ்சை இல்லாத கண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 81-ஐ இல்லையென்று சரியாகச் சொல்லிற்று. அகந்தமீபாவை நூற்றுக்கு 88 அளவில் கண்டது. இவ்விரு வகை எண்களையும் மாணவர்கள் பிரித்து அறிதல் வேண்டும். உள்ளதை இல்லையென்பது ஒரு பிழை. இல்லாததை உண்டென்பது மற்றொரு பிழை. எந்தக் கருவியையும் இவ்விரண்டாலும் அளந்த பின்னரே மெச்ச வேண்டும். பியூசேரியத்தின் இழை செங்கோணமாகவும், ஆஸ்பெர்ஜில்லஸின் இழை 45 பாகையிலும் கிளைக்கும் என்று நூல்களில் எழுதப்பட்டிருந்தது. மதுரை மருத்துவர்களும் அவர்களுடன் சேர்ந்து உழைத்தவர்களும் கருவிப்படங்களில் அளந்து பார்த்தபோது, இரண்டும் சராசரியில் ஏறத்தாழ 60 பாகையிலேயே கிளைத்தன. கோணத்தைக் கொண்டு இனம் பிரிக்க இயலாது என்பது தெளிந்தது. நூலில் உள்ளதென்று ஏற்காமல் அளந்து பார்த்தார்களே, அதுவே அறிவியல்.

இனி மூன்றையும் ஒருங்கு வைத்துப் பார்ப்போம். புண் உண்டா, கீறல் உண்டா, வீக்கம் உண்டா என்று அறியப் பிளவு விளக்கு. அதுவே முதற்படி, அதைத் தாண்டி எவரும் போவதில்லை. உள்ளணுக்களின் கையிருப்பை எண்ண ஸ்பெக்குலர். அது விரைவானது, தொடாதது, ஆனால் தெளிந்த கருவிழியை வேண்டுவது. ஆழத்தில் மறைந்த பகைவனைக் காணவும், மங்கிய படலத்தினூடே ஓரளவு ஊடுருவவும் கன்போகல். அது கண்ணைத் தொடுவது, காலமும் பயிற்சியும் செலவும் வேண்டுவது. 1991-இல் வெளிப்பட்ட ஓ.சி.டி. என்னும் ஒளிவெட்டுப் படமுறை, படலத்தின் கனத்தையும் அடுக்குகளின் அமைப்பையும் நுட்பமாக அளக்கும்; ஆயினும் மருத்துவமனைகளில் வழங்கும் சாதாரண வகை, தனித்தனி உயிரணுவைக் காட்டுவதில்லை. எது சிறந்தது என்று வினவினால் விடையில்லை. எதை அறியச் சிறந்தது என்று வினவினால் விடை உண்டு.

ஸ்பெக்குலர் நுண்ணோக்கிக்கு இன்னோர் அரிய கடமையும் இருக்கிறது. கெட்டுப்போன கருவிழியை எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவர் அளித்த கருவிழியைப் பொருத்தும் அறுவையில் எடுவர்ட் ட்ஸிர்ம் என்பவர் 1905-இல் முதன்முதலாக நிலைத்த வெற்றி கண்டார். நம் நாட்டில் முதல் கண் வங்கி 1945-இல் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில், டாக்டர் ஆர். ஈ. எஸ். முத்தையா அவர்களால் நிறுவப்பட்டது. அளிக்கப்பட்ட கருவிழி கண் வங்கிக்கு வந்ததும் அதன் உள்ளணுக்களை இக்கருவியால் எண்ணுகிறார்கள். சதுர மில்லிமீட்டருக்கு 2,000-க்குக் குறையாமல் இருப்பதையே பார்வை தரும் மாற்று அறுவைக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். இறந்து ஆறு மணி நேரத்திற்குள் எடுக்கப்பட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். காலம் கடந்தால் அணுக்கள் மடிகின்றன. இறந்தவரின் இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ஈரப்பஞ்சை இமைகளின்மேல் வைத்து, கண் வங்கிக்கு உடனே தெரிவிப்பது வீட்டாரின் கடமை.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் தெருவிலும் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கண்ணில் கதிரோ உமியோ முள்ளோ பட்டவரைக் கண்டால், தேய்க்க விடாதீர்கள். நாவாலோ துணிமுனையாலோ எடுக்க விடாதீர்கள். பால், எண்ணெய், தழைச்சாறு எதையும் ஊற்ற விடாதீர்கள். கடையில் தாமே சொட்டு மருந்து வாங்க விடாதீர்கள். அன்றே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நேபாளத்திலே பக்தபூர் வட்டாரத்தில், கருவிழி சிராய்த்தவர்களுக்கு ஊர்ப் பணியாளர்களே கிருமிக்கொல்லிக் களிம்பு இட்டு வந்தார்கள். அவ்வாறு காயம்பட்ட 18 மணி நேரத்திற்குள் மருந்து பெற்றவர்களுள் எவருக்கும் புண் தோன்றவில்லை என்று 2001-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. உயர்ந்த கருவிகள் மதுரையிலும் திருநெல்வேலியிலும் காத்திருக்கின்றன. அவற்றின் முன் நோயாளி வந்து உட்காரும் நாள் முதல் நாளா, பத்தாம் நாளா என்பதை முடிவு செய்பவர்கள் ஊரில் இருப்பவர்களே. அடுத்த அறுவடைக்குள் இதனை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.